புல்லட்டின் குணமும் புதிய வசதிகளும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

மனிதன் படைத்த இயந்திரங்களுள் பல அவனுக்கு வேலை செய்து கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. மின்விசிறியோடு யாரும் உறவு கொண்டாடுவதில்லை. அது சுழன்றால் போதும். ஆனால் சில இயந்திரங்கள் மட்டும் அவனோடு பேசுகின்றன. அவனும் அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறான். முசிறியிலிருந்து தொட்டியம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையில் நாள்தோறும் எத்தனையோ இருசக்கர வண்டிகள் போகின்றன. வாழைத்தாரைக் கட்டிச் செல்லும் மொபெட் முதல் புத்தம் புதிய பந்தய வகை மோட்டார் சைக்கிள் வரை அவற்றுள் அடங்கும். அவற்றில் கண்ணுக்குத் தெரியுமுன்னே காதுக்குத் தெரிந்துவிடும் வண்டி ஒன்று உண்டு. அதுதான் புல்லட்.

அந்தப் புல்லட்டைப் பற்றி இன்று ஒரு வழக்கு நடந்து வருகிறது. தேநீர்க் கடையிலும் பட்டறை வாசலிலும் கல்லூரி மரத்தடியிலும் இவ்வழக்கைக் கேட்கலாம். “உதைக்காமல் பொத்தானை அழுத்தினால் ஓடுவதெல்லாம் ஒரு புல்லட்டா? அதிர்வும் இல்லை, பழைய சத்தமும் இல்லை” என்பது ஒரு கட்சி. “பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், காலையில் அவசரத்துக்குக் கிளம்ப வேண்டும். இவை இல்லாத பழம்பெருமை யாருக்கு வேண்டும்?” என்பது மறு கட்சி. வசதி வளர்ந்தால் குணம் தேயுமா? இவ்வினாவை இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மேலைநாடுகளில் இருவர் மட்டும் அமரக்கூடிய, மேற்கூரையைத் திறந்து மடக்கக்கூடிய சிறிய விளையாட்டுக் கார்களைப் பற்றியும் இதே வாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. அதனையும் பின்னர் ஒப்பிட்டுக் காண்போம்.

பழைமை என்பது யாது?

முதலில் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் எனும் ஊரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901 ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளை உருவாக்கியது. ‘புல்லட்’ என்னும் பெயர் 1932 இல் பிறந்தது. ஆயினும் இன்று நாம் அறிந்த புல்லட்டின் உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அமைந்தது.

அக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி முழுவதும் ஓட்டுபவரின் முதுகெலும்பையே சேரும். இருக்கைக்கு அடியில் இருந்த சுருள்வில்லே அவருக்கு இருந்த ஒரே ஆறுதல். புதிய புல்லட்டிலோ பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் கைகளில் பொருத்தப்பட்டு, எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கிகளால் தாங்கப்பட்டது. கரடுமுரடான பாதையில் நடக்கும் போட்டிகளுக்கு இத்தகைய ‘மெத்தை’ வண்டி உதவாது, சக்கரம் பிடிமானம் இழக்கும் என்று அந்நாளைய அனுபவசாலிகள் பலர் ஐயுற்றனர். ஆனால் 1948 இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடைபெற்ற பன்னாட்டு ஆறுநாள் போட்டியில் இப்புதிய வகைப் புல்லட்டுகளை ஓட்டிய வீரர்கள் தங்கப் பதக்கம் பெற்றனர். சக்கரம் துள்ளாமல் நிலத்தைத் தழுவிச் சென்றதால் பிடிமானம் குறையவில்லை, கூடிற்று.

இங்கே நாம் கருதத்தக்க உண்மை ஒன்று உண்டு. எதனை நாம் இன்று பழைமையின் சின்னம் எனப் போற்றுகிறோமோ, அந்தப் புல்லட்டே தன் காலத்தில் வசதியின் சின்னமாக வந்தது. அன்றைய பழைமைவாதிகளின் ஐயத்துக்கு ஆளாயிற்று.

1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கேற்ற மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தெரிவு செய்தது. அதன் பயனாக 1955 இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் உதிரிப் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பின்னர் பாகங்கள் அனைத்தும் இங்கேயே உருவாயின. 1967 இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970 இல் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோயிற்று. தாய்வீடு அழிந்த பின்னும் மகள் புகுந்த வீட்டில் வாழ்ந்தாள். 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியன்றோ?

குணம் எங்கே குடியிருக்கிறது?

புல்லட்டின் குணம் என்று எதைச் சொல்கிறோம்? அதன் ஓசையையும், மெதுவாகச் சென்றாலும் திணறாமல் இழுக்கும் ஆற்றலையும் சொல்கிறோம். இவை எங்கிருந்து வருகின்றன?

பழைய 350 புல்லட்டில் ஒரே ஓர் உருளை. அதன் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் வீச்சு 90 மி.மீ. இவ்விரண்டையும் கொண்டு கொள்ளளவைக் கணக்கிட்டால் 346 கன செ.மீ. வரும். விட்டத்தை விட வீச்சு நீண்டிருப்பதால் இதனை நீள்வீச்சு இயந்திரம் என்பர். இதனோடு கனமான ஃபிளைவீல் சேர்ந்திருக்கிறது. சுழலும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிலைமத் திருப்புத்திறனைப் பொறுத்தது என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். கனமான சக்கரம் ஒரு வெடிப்பில் பெற்ற ஆற்றலைச் சேமித்து வைத்து, அடுத்த வெடிப்பு வரும்வரை வண்டியை நடத்திச் செல்கிறது. ஆகவேதான் மெதுவான வேகத்திலும் உயர்ந்த கியரில் புல்லட் நிதானமாகப் போகிறது.

இனி ஓசையைக் காண்போம். நான்கு வீச்சு இயந்திரத்தில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு வெடிப்பு நிகழும். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 450 வெடிப்புகள், அதாவது வினாடிக்கு ஏழரை. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20 அடிகள் வரை தனித்தனி ஒலியாகப் பிரித்துணரும். அதற்கு மேற்பட்டால் அவை கலந்து ஒரே தொடர் ஒலியாகிவிடும். வினாடிக்கு 20 வெடிப்பு என்பது நிமிடத்துக்கு 2,400 சுற்று. ஆகவே, தெருமுனையில் திரும்பும்போதும் வீட்டு வாசலில் நிற்கும்போதும் ‘டுப், டுப்’ என்று எண்ணி எண்ணிப் பேசும் புல்லட், நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் மற்ற வண்டிகளைப் போல முழங்கத் தொடங்கிவிடுகிறது. நாம் விரும்பும் அந்தத் தாளம் ஒற்றை உருளைக்கும் குறைந்த சுழற்சிக்கும் பிறந்த குழந்தையாகும்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். குணம் என்பது இயந்திரத்தின் அளவுகளிலும் விகிதங்களிலும் குடியிருக்கிறது. தொட்டியின் வடிவத்திலோ, அதன்மேல் கையால் தீட்டிய பொற்கோட்டிலோ அன்று. இதற்கொரு சான்று 1990களில் விற்பனையான டீசல் புல்லட். பெயர் புல்லட், உருவமும் புல்லட். உள்ளே இருந்ததோ 325 சி.சி. டீசல் இயந்திரம், ஆற்றல் ஏறத்தாழ 6.5 குதிரைத்திறன். எரிபொருள் சிக்கனத்துக்காக அதனை வாங்கியவர் உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதனைப் புல்லட் என்று யாரும் சொல்லார்.

அதிர்வு ஒரு குணமா, குறையா?

பழைய புல்லட்டை ஓட்டியவர் எவரும் அதன் அதிர்வை மறக்க மாட்டார். நெடுந்தூரம் சென்று இறங்கினால் உள்ளங்கை மரத்துப்போயிருக்கும். கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்து இரண்டாகத் தெரியும். நட்டும் போல்ட்டும் தாமே கழன்று விழும். இந்த அதிர்வு போனதால்தான் குணமும் போயிற்று என்று கூறுவோர் பலர். இதனை ஒரு சிறு கணக்கால் சோதித்துப் பார்ப்போம்.

பிஸ்டன் மேலே சென்று நின்று, திரும்பிக் கீழே வருகிறது. அவ்வாறு திரும்பும் இடத்தில் அதன் நிலைமத்தால் ஒரு விசை தோன்றுகிறது. பிஸ்டனும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதிகளும் அரைக் கிலோ நிறையுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். கிராங்கின் ஆரம் வீச்சில் பாதி, அதாவது 45 மி.மீ. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கோணத் திசைவேகம் வினாடிக்கு 314 ரேடியன். நிறை, ஆரம், கோணத் திசைவேகத்தின் இருமடி ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,220 நியூட்டன் கிடைக்கும். இது 226 கிலோ எடைக்குச் சமம். சுழற்சி 4,500 ஆனால் இவ்விசை இரண்டேகால் மடங்காகி 500 கிலோ எடையைத் தாண்டும். வண்டியையும் ஓட்டுபவரையும் கூட்டிய எடையைவிட இது மிகுதி! இவ்வளவு பெரிய விசை வினாடிக்கு 75 முறை முன்னும் பின்னும் உலுக்கினால் நட்டு கழலாமல் என்ன செய்யும்?

இதற்குப் பொறியாளர் கண்ட மருந்து சமன்தண்டு. கிராங்க் தண்டிலேயே எதிர்எடை வைத்து இவ்விசையில் பாதியைச் சமன் செய்கிறார்கள். மீதிப் பாதி, கிராங்க் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழலும் ஒரு விசையாக எஞ்சுகிறது. அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு தண்டில் தக்க எடையை வைத்தால் அதுவும் அடங்கிவிடும். கிராங்கைப் போல் இருமடங்கு அதிர்வெண்ணுடைய சிறிய அதிர்வு மட்டும் எஞ்சி நிற்கும். இந்தச் சமன்தண்டு 2020 இல் வந்த மீட்டியார் 350 வண்டியில் பொருத்தப்பட்டது. 2021 இல் கிளாசிக் 350, 2023 இல் புல்லட் 350 ஆகியவையும் அதே இயந்திரத்தைப் பெற்றன.

இங்கேதான் பலர் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். சமன்தண்டு அடக்குவது பிஸ்டனின் நிலைம விசையை. தாளத்தைத் தருவதோ வெடிப்பு. எத்தனை சமன்தண்டு வைத்தாலும் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்ற கணக்கு மாறாது. புதிய இயந்திரத்தின் விட்டம் 72 மி.மீ., வீச்சு 85.8 மி.மீ., கொள்ளளவு 349 சி.சி. இதுவும் ஒற்றை உருளை, இதுவும் நீள்வீச்சு. இதற்கு முந்தைய 346 சி.சி. இயந்திரத்தின் உச்சத் திருப்பு விசை 4,000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர். இதற்கோ அதே 4,000 சுற்றில் 27. எலும்புக்கூடு மாறவில்லை, கைநடுக்கம்தான் நின்றது. புதிய வண்டியின் ஓசை மெலிந்திருப்பது உண்மையே. அதற்குக் காரணம் புகைபோக்கியில் அமைந்த மாசு வடிகட்டியும் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளுமே தவிர, ஓட்டுபவருக்குக் கிடைத்த சுகம் அன்று.

துன்பங்களுள் மூவகை

வசதியை எதிர்ப்போர் எல்லாத் துன்பங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘குணம்’ என்று பெயரிட்டுவிடுகின்றனர். அம்மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் மூவகை தென்படும்.

முதல் வகை வெறும் குறைகள். பழைய புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி கிடக்கும். அதனை முத்திரை என்று வேடிக்கையாகச் சொல்வர். இயந்திரத்துக்கு ஒரு பெட்டி, கியருக்கு ஒரு பெட்டி எனத் தனித்தனியே இருந்ததும், கழன்று தளரும் இணைப்புகளும் இதற்குக் காரணங்கள். 2008 முதல் இயந்திரமும் கியரும் ஒரே அறையில் அடங்கிய அலுமினிய இயந்திரம் வரத் தொடங்கியது. 2010 இல் பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் விடைபெற்றது. எண்ணெய் ஒழுக்கும் பெருமளவு நின்றது. ஒழுகும் குடத்தை யாரும் குணமுள்ள குடம் என்பதில்லை.

இரண்டாம் வகை உயிரோடு தொடர்புடையது. பழைய புல்லட்டின் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் இருந்தது. 195 கிலோ வண்டியில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், அவ்வண்டியின் இயக்க ஆற்றல் 54,000 ஜூல். நிற்பதற்குள் இவ்வளவும் வெப்பமாக மாற வேண்டும். வினாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் பிரேக்கானால் வண்டி 50 மீட்டர் சென்று நிற்கும். 6 மீட்டர் வீதம் குறைத்தால் 33 மீட்டரில் நின்றுவிடும். இடைப்பட்ட 17 மீட்டர் ஒரு பேருந்தின் நீளத்தினும் அதிகம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சாலையைக் கடக்க அந்த 17 மீட்டர் போதும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கியது இதனால்தான். இதனை வசதி என்று அழைப்பதே தவறு.

மூன்றாம் வகை பழக்கம் சார்ந்தது. பழைய புல்லட்டை உதைத்துக் கிளப்புவது ஒரு சடங்கு. முதலில் மிதியை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் காண வேண்டும். பிறகு டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்த வேண்டும். அதன்பின் நெம்புகோலை விட்டு, மிதியை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் முழு உதை உதைக்க வேண்டும். முறை தவறினால் மிதி திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. வேறு வண்டியில் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிப்பார். 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மின்கிளப்பியும் இடப்பக்கக் கியரும் படிப்படியாக வந்தன. இன்றைய புல்லட்டில் உதைமிதியே கிடையாது.

இச்சடங்கில் ஓர் இன்பம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இயந்திரத்தின் உள்ளே பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் காலாலேயே அறிவது எளிய கலையன்று. ஆனால் அக்கலை யாரையெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்கால் தேய்ந்த முதியவரும், உடல் எடை குறைந்தவரும், பெண்களும் புல்லட்டைப் பார்த்து ரசிக்கலாமே அன்றி ஓட்டுவது அரிதாக இருந்தது. இன்று நம் கல்லூரிச் சகோதரிகளும் புல்லட் ஓட்டுகிறார்கள் என்றால் அதற்குக் கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பொத்தானும் ஒரு காரணம். குணம் என்ற பெயரால் நாம் காத்தது சில வேளைகளில் குணத்தையன்று, வேலியையே.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

இதே வழக்கு சிறிய திறந்த விளையாட்டுக் கார்களில் எவ்வாறு தீர்ந்தது என்று காண்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் எம்.ஜி., டிரையம்ஃப் போன்ற நிறுவனங்கள் இத்தகைய கார்களுக்குப் புகழ்பெற்றிருந்தன. காற்று முகத்தில் மோதும். சாலையின் ஒவ்வொரு கல்லும் கையில் தெரியும். ஆனால் துணிக்கூரை மழைநீரை உள்ளே விடும்; மின்னிணைப்பு அடிக்கடி பழுதாகும். அவற்றின் அன்பர்கள் இவற்றையும் குணம் என்றே கொண்டாடினர். வாங்குவோர் எண்ணிக்கையோ குறைந்தது. 1980 இல் எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஒன்பதாண்டுகள் கழித்து, 1989 இல், ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற சிறிய திறந்த காரை வெளியிட்டது. அதன் பொறியாளர்கள் ஆங்கிலக் கார்களிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதே நமக்குப் பாடம். குறைந்த எடை, முன்னே இயந்திரம், பின்சக்கர இயக்கம், இருவர் இருக்கை ஆகிய விகிதங்களை எடுத்துக்கொண்டனர். ஒழுகும் கூரையையும் நம்பமுடியாத மின்னிணைப்பையும் விட்டுவிட்டனர். குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்ற பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்னும் சொல்லைத் தம் இலக்காகக் கொண்டனர். 2016 இல் அக்காரின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது.

ஆனால் அவர்களுக்கும் ஒரு சோதனை வந்தது. குளிர்சாதனம், காற்றுப்பை, மின்விசையால் மடியும் கடினக் கூரை என ஒவ்வொரு வசதியும் எடையைக் கூட்டும். எடை கூடினால் நிலைமம் கூடும். திரும்பும் சுறுசுறுப்புக் குறையும். விரைவாக்கம் என்பது விசையை நிறையால் வகுத்த ஈவு என்ற நியூட்டனின் விதிக்கு எந்த நிறுவனமும் விலக்குப் பெற முடியாது. ஆகவே, 2015 இல் வந்த நான்காம் தலைமுறைக் காரில் ஒவ்வொரு பாகத்திலும் கிராம் கிராமாக எடையைக் குறைத்து, 1.5 லிட்டர் இயந்திரமுள்ள ஜப்பானிய வகையின் எடையை ஒரு டன்னுக்குச் சற்றே கீழே கொண்டுவந்தனர். வசதியைச் சேர், ஆனால் அதன் விலையை எடையாக வாங்காதே என்பதே அவர்கள் கண்ட வழி எனலாம்.

சென்னையிலும் இத்தகைய திருப்பம் நேர்ந்தது. என்ஃபீல்டு நிறுவனம் 1994 இல் ஐச்சர் குழுமத்தின் வசமானது. 2000 இல் இதனை நடத்துவதா, கைவிடுவதா என்ற நிலை வந்தபோது சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். அதன்பின் உருவமும் விகிதமும் காக்கப்பட்டன, குறைகள் களையப்பட்டன. 2013 இல் ஒரகடத்திலும் 2017 இல் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. 2024–25 ஆம் நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளின் விற்பனை பத்து லட்சத்தைக் கடந்தது. குறைகளையே குணமெனக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் திருவொற்றியூரும் ரெட்டிச்சின் வழியே சென்றிருக்கும்.

உண்மையில் இழந்தது எது?

அப்படியானால் பழைமை பேசுவோரின் ஏக்கத்தில் ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் அது அவர்கள் சுட்டும் இடத்தில் இல்லை.

பழைய புல்லட்டைத் திறந்து பார்க்கலாம். தீப்பொறி தரும் பிளாட்டினம் முனைகளுக்கு இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் சுமார் 15 பங்கு இடைவெளி வேண்டும். ஒரு தகட்டு அளவுகோலும் திருப்புளியும் இருந்தால் அதனைச் சரிசெய்யலாம். வால்வைத் தூக்கும் தண்டு குளிர்ந்த நிலையில் விரலால் உருட்டச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. இதற்கு அளவுகோல்கூட வேண்டியதில்லை. விரலின் உணர்ச்சியே அளவுகோல். கார்புரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யலாம். நம் பகுதிச் சாலையோரப் பட்டறைகளில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள் இவற்றையெல்லாம் கற்றிருந்தார்கள். பத்துப் பேருக்குக் கற்றும் கொடுத்தார்கள். என் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நிலைமத் திருப்புத்திறனை நான் வாய்பாடாகப் படித்தேன். அவர்கள் அதனைக் கையால் அறிந்திருந்தார்கள். இரண்டும் ஒரே அறிவின் இரு கரைகள் என்பதை உணரச் சில காலம் ஆயிற்று.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. கார்புரேட்டரின் இடத்தில் எரிபொருளைக் கணக்கிட்டுத் தெளிக்கும் மின்னணு அமைப்பு வந்தது. உணரிகள் பல, அவற்றை ஆளும் சிறு கணிப்பொறி ஒன்று. இதனால் புகை குறைந்தது; குளிர்காலத்திலும் வண்டி எளிதில் கிளம்புகிறது. இவை நன்மைகளே. ஆனால் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் காரணத்தை அறியப் பிழைக்குறியைப் படிக்கும் கருவி வேண்டும். அக்கருவியும் அதன் கையேடும் யாரிடம் இருக்கின்றனவோ அவரிடமே பழுதுபார்க்கும் உரிமையும் இருக்கிறது. சாலையோரப் பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நகரத்துக்குக் கொண்டு போங்கள்” என்று சொல்லும் நாள் வந்துவிட்டது. வசதியால் நேர்ந்த உண்மையான இழப்பு இதுவே. போனது அதிர்வன்று, அறிவின் அண்மை.

இது தீராத நோயன்று. பழுதுபார்க்கும் உரிமை குறித்து இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 இல் குழு அமைத்தது; அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் வருகின்றன. இதனோடு மூன்று செயல்கள் நடக்க வேண்டும். பழுதுபார்ப்புக் கையேடுகள் எளிய தமிழில் கிடைக்க வேண்டும். பிழைக்குறி படிக்கும் கருவிகளைச் சிறு பட்டறைகளும் நியாய விலையில் வாங்க வழி வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள், ஏற்கெனவே தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கு மாலை நேரத்தில் குறுகிய காலப் பயிற்சி அளிக்க வேண்டும். இயற்பியலும் மின்னணுவியலும் படிக்கும் நாமும் இதில் பங்கு கொள்ளலாம். ஓர் உணரியின் மின்தடை வெப்பத்தோடு எவ்வாறு மாறுகிறது என்பதை நம் ஆய்வகத்தில் அளந்து பார்க்கும் நாம், அதனைப் பட்டறையில் இருப்பவருக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைக்க முடியாதா?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். புல்லட்டின் குணம் அதன் விகிதங்களில் உள்ளது, துன்பங்களில் இல்லை. குறையை நீக்குவதும் உயிரைக் காப்பதும் குணத்தைக் கெடுப்பதாகா. பலருக்கு வாசலைத் திறந்துவிட்ட வசதியைப் பழிப்பது அறமன்று. அதே வேளையில், எந்த வசதி ஓர் இயந்திரத்தை அதன் உடைமையாளருக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் அந்நியமாக்குகிறதோ, அதனை மட்டும் நாம் விழிப்போடு கேள்வி கேட்க வேண்டும்.

ஆகவே, புதிய வண்டி ஒன்று ஊருக்குள் வரும்போது அது பழையதைப்போல் அதிர்கிறதா என்று கேட்பதை விட்டுவிடுவோம். இது பழுதானால் நம் ஊரில் யார் பார்ப்பார் என்று கேட்போம். அவ்வினாவுக்கு நல்ல விடை இருக்குமானால், பொத்தானை அழுத்திக் கிளம்பினாலும் அது புல்லட்தான்.